ஆயிரத்துக்கு ஒன்று

லண்டனில் சட்டன் கடைத்தெருவில் இருந்த ஒரு பந்தயக் கடையில், இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள், கண்ணாடிக்குப் பின்னால் காசாளராக இருந்தேன். குதிரையும் நாயும்தான் அங்கே பிழைப்பு. ஆனால் ஜூன் கடைசியில் மூலைத் தொலைக்காட்சி டென்னிஸுக்குத் திரும்பிவிடும். சத்தம் வைக்க மனேஜர் விடமாட்டார். சிகரெட் புகைக்கு நடுவே அந்தப் பச்சைத் தரை மட்டும் மிதக்கும். பந்து போகும், வரும், போகும். தொட்டில் ஆடுவதைப் பார்ப்பது போல எனக்குக் கண் சொக்கும். மழை வந்தால் தரையைப் படங்கு இழுத்து மூடுவார்கள். காட்ட வேறு ஒன்றும் இல்லாமல் அந்தப் படங்கையே காட்டுவார்கள். நாங்களும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். ரயிலில் ஏறினால் விம்பிள்டன் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அந்தப் புல்தரை உண்மையில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கும்.

பெண்கள் ஒற்றையருக்கான விலைத்தாள் காலையிலேயே வந்துவிடும். வெல்வாள் என்று எல்லோரும் நம்புகிறவள் மேலே இருப்பாள். அவள்மேல் ஒரு பவுன் வைத்தால் இரண்டு பவுன் கிடைக்கும், அவ்வளவுதான். கீழே இறங்க இறங்க விலை, அவர்கள் சொல்லும் ஒட்ஸ், ஏறும். யாருக்கும் பெயர் வாயில் நுழையாத பெண்கள் அடியில் இருப்பார்கள். அவர்கள் வென்றால் வைத்தவன் பணக்காரன்.

அந்தத் தாளைப் பார்க்கவே ஒருவர் தினமும் வருவார். பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த தமிழர். ஜெர்மனியில் ஒரு டென்னிஸ் கிளப்பில் கோப்பை கழுவி, அங்கேயே அந்த விளையாட்டில் பைத்தியம் பிடித்து, பிறகு லண்டனுக்கு வந்தவர். ஒரு பென்ஸ் பந்தயம் கட்டியதில்லை.

"தங்கச்சி, இண்டைக்கு ஆர் முதலாம் பிள்ளை?" என்றுதான் கேட்பார். ஊர்ப் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டைப் பார்ப்பது போலத்தான் அவர் விலைத்தாளைப் பார்த்தார். இரண்டுக்கு ஒன்று முதலாம் பிள்ளை, ஐந்துக்கு ஒன்று இரண்டாம் பிள்ளை. ஐம்பதுக்கு ஒன்றையும் தாண்டித் தாளின் அடியில் உள்ளவர்களை அவர் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

அவருக்கு ஒரே மகள், பன்னிரண்டு வயது. நடக்கப் பழகியதோடு கையில் மட்டையைக் கொடுத்துவிட்டார். பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் சாப்பிட்டதைச் சத்தி எடுப்பாள். "இந்த முறையும் தோத்திட்டால் இவள் மட்டையைத் தொடமாட்டாள் போல, தங்கச்சி. படுக்கேக்கையும் கையைப் பொத்திக்கொண்டுதான் படுக்கிறாள்" என்று அரிசி நிறுக்கிற நேரத்தில் தாய் என்னிடம் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை பக்கத்துக் கிளப்பில் அவளுக்குப் பெரிய ஆட்டம் ஒன்று. தகப்பன் கறிவேப்பிலை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் வெற்றியை முன்கூட்டியே சொல்லியாயிற்று. எனக்கு அவரைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதற்காகக் குஞ்சின் கழுத்தையா நெரிப்பது?

அந்த வாரம்தான் வந்து கண்ணாடியில் தட்டினார்.

"என்ர மகள் ஒரு நாள் உந்த விம்பிள்டனை வெல்லுவாள் எண்டு பந்தயம் கட்ட ஏலுமோ?"

ஏலும். இந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை ஒரு நாள் நாட்டுக்காகப் பந்தடிக்கும் என்று வெள்ளைக்காரத் தகப்பன்மாரும் வந்து கட்டுவார்கள். தலைமையகத்துக்கு ஃபோன் போட்டு விலை கேட்க வேண்டும். மனேஜர் கேட்டார். இருபத்தைந்து வயதுக்குள் வென்றால், ஒரு பவுனுக்கு ஆயிரம் பவுன்.

மனிதர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் கறுத்துவிட்டது.

"என்ர பிள்ளை ஆயிரமாம் பிள்ளையோ?"

"அண்ணை, வெண்டால் உங்களுக்குத்தானே கூடக் காசு!"

"காசை விடுங்கோ. இருபதுக்குக் குறைக்கச் சொல்லுங்கோ."

தனக்குக் கிடைக்கப்போவதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிய ஒரே ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். நான் அதை மொழிபெயர்த்தபோது மனேஜர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். விலை குறையவில்லை, அவரும் கட்டாமலே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார். மட்டைப்பையைச் சுமந்துகொண்டு மகள் வாசலில் நின்றாள். பதினெட்டு ஆகாதவர்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது. சப்பாத்து நுனி கதவுக்கோட்டைத் தொட, அங்கிருந்தே மூலைத் தொலைக்காட்சியை எட்டிப் பார்த்தாள். விலைத்தாளில் மேலே இருந்த முதலாம் பிள்ளை அன்று யாரோ ஒருத்தியிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் அப்படியே இருந்தாள்.

"அன்ரி, எனக்கு என்ன ஒட்ஸ் தந்தவை?" என்று பிள்ளை கேட்டாள்.

சொல்ல வேண்டாம் என்று தகப்பன் எனக்குக் கண்ணைக் காட்டினார். எனக்குக் கோபம் மூக்குநுனியில். "ஆயிரத்துக்கு ஒண்டு, பிள்ளை" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். அந்தப் பிள்ளை வாய் திறந்து சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அப்ப நான் தோத்தால் ஒருத்தரும் கோவிக்கமாட்டினம், என்ன?"

தகப்பன் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய், அவள் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கிளப்பின் கம்பிவேலிக்குப் பக்கத்தில் அவர் நிற்கவேண்டிய நேரத்தில் எங்கள் கடைக்குள் வந்தார். தாய்தான் பிள்ளையோடு போயிருந்தாள். வெயில் வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத் தாள்களூடாக வந்து தரையில் நிறம் நிறமாகக் கிடந்தது. அதைக் கலைக்காமல் நடப்பவர் போல மெதுவாக வந்தார்.

"அந்த ஆயிரம் இன்னும் இருக்கோ, தங்கச்சி?"

"இருக்கு, அண்ணை."

ஐந்து பவுன் தாளை நீட்டினார். சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மூலையில் இருந்துகொண்டு தொலைக்காட்சியில் யாரோ பெற்ற பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தார். எது நல்ல அடி, எது பிழை என்று அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை.

பின்னேரம் வாசலில் சத்தம் கேட்டது. அதே கோட்டில் பிள்ளை நின்றாள், முழங்காலெல்லாம் புழுதி, மட்டை இன்னும் கையில்.

"அப்பா, தோத்திட்டன்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

குதிரைப் பந்தயக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரி," என்றார். "சாப்பிட்டனியோ?"