மதில்மேல் உட்கார்ந்தவனின் தீர்ப்பு

கூடைப்பந்து ஆடுவதற்காகவே துறைமுகத்தில் எனக்கு வேலை கொடுத்தார்கள். அறுபதுகளில், ராயபுரம் மாதா கோயில் மைதானத்தில் நான் ஆடிய காலமெல்லாம், மதில்மேல் உட்கார்ந்திருந்த ஒரு கிரேன் ஆபரேட்டர் ஒரே பாட்டைத்தான் பாடினான்.

"உனுக்கு முன்னாடி ஆடுனவன் செம்மண்ல வெறுங்கால்ல ஆடுனான். நீ சிமெண்டு தரைல ஷூ போட்டுகினு இன்னா கிழிக்கிற?"

முழங்கால் உடைந்து நான் விலகினேன். என் இடத்துக்கு வந்தவன் முதல் நாள் ஆடும்போதே அதே வாய் கத்தியது.

"இந்த அண்ணன் கால்தூசி பெறுவியாடா நீ?"

கை, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னைக் காட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நொண்டிக்கொண்டே போய் அந்த கிரேன் ஆபரேட்டரின் சட்டையைப் பிடித்தேன்.

"நான் ஆடிகினு இருந்தப்போ இத்த சொல்லாம வாய்ல கொழுக்கட்டையா வச்சிகினு இருந்த? ஒருத்தன நல்லா ஆடுனான்னு நீ சொல்லணும்னா அவன் கால் ஒடையணுமாடா?"