வெட்டாத அழைப்பு

என் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். ஆனாலும் போன வருடம்வரை அவர் பாலையூற்றில், எங்கள் குசினியில்தான் இருந்தார் என்று சொல்லவேண்டும். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வீடியோ அழைப்பு எடுப்பார். நான் போனைப் பால்மா டின்னில் சாய்த்து வைப்பேன். பிறகு யாரும் அழைப்பை வெட்டுவதில்லை. அங்கே அவர் உடுப்புத் தோய்ப்பார், இங்கே நான் புட்டு அவிப்பேன், மகள் தரையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மட்டும், "என்ன கப்பல் வந்திருக்கு?" என்று கேட்பார். ஏதோ துறைமுகமே என் பொறுப்பில் இருக்கிறது என்ற நினைப்பு. எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டுக்கு ஆள் போன வீடுகள் எல்லாம் இப்படித்தான்.

மகள் படிக்கும் மூன்றாம் ஆண்டு வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் ரீச்சர் சொன்னார்: "பிள்ளையளிட்ட போனைக் குடுக்காதேங்கோ. முதல்ல நீங்கள் அதைக் கீழ வையுங்கோ." எல்லோரும் தலையாட்டினோம். நானும் மடியில் போனை வைத்துக்கொண்டு ஆட்டினேன்.

ரீச்சர் சொன்னதில் பிழையில்லை. என் கணவர் அங்கே குளிக்கப் போகும் நேரம் பார்த்து மகள் கார்ட்டூனைத் திறந்துவிடுவாள். பிடித்தால், "அப்பாவைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தகப்பன் உள்ளே இருக்கும் சாமானைப் பிள்ளையின் கையிலிருந்து எப்படிப் பறிப்பது?

கடைசியில் ஒரு முடிவு எடுத்தேன். கதைக்க மட்டும் போன். கதைத்து முடிந்தால் அது அலுமாரிக்கு மேலே.

"ஓம், பிள்ளைக்கு நல்லதுதானே" என்றார் கணவர். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

மகள் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்துவிட்டாள். வெயிலில் கறுத்தாள், பசித்துச் சாப்பிட்டாள். ரீச்சர் என்னைக் கண்டு, "பிள்ளை நல்லா மாறிட்டா" என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் குசினியில் சத்தமில்லை. கோபம் வந்தால் சட்டி பானையைத்தான் ஏசினேன். எனக்குத் தனிமையாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்ட சட்டத்தால் தாய் அழுகிறாள் என்று யாரிடம் சொல்வது?

அவர் எடுத்தால் இப்போது கேள்விதான். "சாப்பிட்டீங்களா?" ஓம். "படிச்சீங்களா?" ஓம். "வேற?" ஒன்றுமில்லை. முன்பு அவர் எதையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. மகள் கறியில் இருந்து கத்தரிக்காயைப் பொறுக்கி ஒதுக்குவதையும், பல் ஆடுவதையும் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள். பின்னேரம் எடுத்தார். மகள் விளையாட்டுக்கு நடுவில் மூச்சுவாங்க ஓடி வந்து போனை வாங்கினாள்.

"அப்பா, பூனை ரெண்டு குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிட்டுது!"

"எந்தப் பூனை?"

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமோ கவலையோ இல்லை. அவசரம் மட்டுந்தான்.

"அப்பாக்கு முதல்ல இருந்து சொல்லோணும் அம்மா. நீங்களே சொல்லுங்கோ." போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள்.

அவர் சிரித்தார். "சரி, நீர் சொல்லுமன். எந்தப் பூனை?"

சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்காத பூனை, ஆனால் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, சாம்பல் நிறம், விறகுக்குப் பின்னால் குட்டி போட்டது, மகள் தன் பழைய சட்டையை விரித்துக் கொடுத்தது. எல்லாம். எனக்கே அந்தப் பூனை மேல் அவ்வளவு அக்கறை இல்லை. அவரோ கன்னத்தில் கைவைத்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தச் சட்டை?" என்றார்.

"நீங்கள் பாக்கேல்லை. போன பொங்கலுக்கு எடுத்தது."

கன்னத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு, "பிள்ளை எங்க?" என்று கேட்டார்.

"விளையாடப் போயிட்டாள்."

"நல்லதுதானே" என்றார்.

நல்லதுதான். அதனால்தான், போனைத் திரும்பப் பால்மா டின்னில் சாய்த்து வைக்கட்டுமா என்று எனக்கு அவரிடம் கேட்க ஏலாமல் போயிற்று.