இணையதளத்துக்கு ஒரு பாலாலயம்

என் மனைவியின் தங்கை புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடியில் இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினாள். அந்த நாளை நினைத்தால், குண்டுக் கணினியின் நெற்றியில் இருந்த சந்தனமும் குங்குமமும்தான் முதலில் கண்ணுக்கு வருகின்றன. வைத்தவர் திருமயம் பலகாரக்கடை முதலாளி, அவளுடைய முதல் வாடிக்கையாளர். தன் கடையின் இணையதளத்தை நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்துத் திறந்தார். முகப்பில் ஒரு மயில் தோகை விரித்து ஆடியது. அவரை நம்பித்தான் மற்றக் கடைக்காரர்களும் படியேறினார்கள்.

நான் அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவன். எங்களுக்கும் கணினி வந்தது. துணி போர்த்திப் பத்திரமாக வைத்துவிட்டு, பழையபடியே எழுதினோம். அவள் தொழிலிலோ படித்து முடிப்பதற்குள் பாடம் மாறிவிடும். "மறுபடியும் பரீட்சையா?" என்று கேட்பேன். "ஆமா மச்சான். ஒங்கள மாதிரி உக்காந்த எடத்துலயே பழுத்தா எனக்கு யாரு பென்சன் தருவா?" என்பாள்.

எல்லோர் கைக்கும் செல்போன் வந்தபோது முதலாளியின் தளம் அதில் பாதிதான் தெரிந்தது. மயில் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். வெளியூரிலிருந்து வரும் தீபாவளி ஆர்டர்கள் குறைந்துபோயின. அடியோடு மாற்றிக் கட்ட வேண்டும் என்றாள். "நல்ல நேரத்துல தொறந்தது, கை வைக்கக் கூடாதும்மா. இது பாட்டுக்கு இருக்கட்டும். மருமக சென்னையில வேற ஒண்ணு பண்ணச் சொல்றா" என்றார் அவர். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான். அவர் மறுப்பை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள், பின்னால் உன்மேல் குற்றம் வராது என்று எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "கோப்பு இருக்கும் மச்சான், தொழில் இருக்காது" என்றவள் திருமயம் பேருந்தில் ஏறினாள். வேறு வேலை இல்லாததால் நானும் ஏறினேன்.

கடையில், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டாள்: "அண்ணே, கோயில்ல திருப்பணின்னா என்ன செய்றோம்? பாலாலயம் பண்ணி, சாமிய சின்ன எடத்துல வச்சுப் பூசைய நடத்துறோம். வேலை முடிஞ்சதும் கும்பாபிஷேகம். சாமிக்கே ஆகுறது ஒங்க முறுக்குக்கு ஆகாதா?"

முதலாளி ஒருவருக்கு அதிரசம் நிறுத்துக் கொடுத்தார். பிறகு, "அப்ப பாலாலயத்துக்கும் நாள் பாக்கணுமே" என்றார்.

விலைப்பட்டியலும் தொலைபேசி எண்ணும் மட்டும் உள்ள ஒற்றைப் பக்கத்தில் கடையைத் தற்காலிகமாகக் குடிவைத்தாள். புது முறையைப் படித்துக்கொண்டே முழுத் தளத்தையும் கட்டினாள். தீபாவளிக்கு முன்பே மயில் செல்போனில் ஆடியது.

இப்போது மறுபடியும் எல்லாம் மாறுகிறது. சொன்னால் தானே தளம் கட்டும் இயந்திரம் வந்துவிட்டதாமே, இனி உன்னை யார் தேடுவார்கள் என்றேன். அந்த இயந்திரத்தைப் பற்றிய பாடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. போன வாரம் முதலாளியே மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "அடுத்த பாலாலயம் எப்பம்மா?"

கையில் குங்குமப் பொட்டலம். அவளுடைய மடிக்கணினியின் திரைக்கு விளிம்பே இல்லை. எங்கே வைப்பதென்று திகைத்தார். அவள் அதை மூடி மேல்புறத்தைக் காட்டினாள். "இங்கிட்டு வைங்கண்ணே. எதுத்தாப்புல உக்காந்திருக்க மச்சான் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

வைத்ததும் திறந்து, விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினாள். குங்குமம் என்னைப் பார்த்தது.