டெஸ்க்டாப்பில் இருந்த அண்ணன்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அப்பா அவ்வளவு விசாரிக்கவில்லை. பையனுக்கு என்ன வேலை, எந்தச் சபை, குடிப்பானா என்று கேட்டார், சரி என்றுவிட்டார். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை முழுசாக நகல் எடுத்து வைக்க எந்த மென்பொருள் நல்லது என்று தேடத் தொடங்கியபோது நாகர்கோவிலில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. பிரவுசிங் சென்டர்காரர், பழைய ஆபீஸ் நண்பரின் மகன், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்த யாரோ ஒரு பாலிடெக்னிக் வாத்தியார் என்று எல்லாரும் அந்தக் கேள்விக்கு அகப்பட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் 2004-ல் அண்ணனின் என்ஜினீயரிங் படிப்புக்காக வாங்கியது. மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கூடப் படிக்கும் கூட்டுக்காரனைப் பார்க்க இராஜாக்கமங்கலத்துக்கு பைக்கில் போனான். திரும்பி வரவில்லை. விபத்தில் அடிபட்ட பைக்கை விற்றோம். சட்டைகளை அம்மா ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்தாள். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர்தான்.

அதைப் போட்டால் அண்ணன் பேசுவான். விண்டோஸ் திறக்கும்போது வரும் சத்தத்தை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தான். "வந்தியா மக்கா? இரி." அவ்வளவுதான். விளையாட்டுக்குச் செய்தது. அவன் போன பிறகு அம்மா காலையில் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, "அதக் கொஞ்சம் போடு மக்ளே" என்பாள். கேட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்பிப் போவாள். நான் அணைத்துவிடுவேன்.

ஒரு வருஷத்தில் கம்ப்யூட்டர் படுத்தத் தொடங்கியது. திறக்கவே கால் மணி நேரம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு வரும் எல்லா நோய்க்கும் எங்கள் ஊரில் ஒரே மருந்துதான்: அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடும் ஃபார்மட். தலைவலிக்கும் ஃபார்மட், வயிற்றுவலிக்கும் ஃபார்மட். சர்வீஸ் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

"ஃபார்மட் அடிச்சா சரியாயிரும் சார். டி டிரைவ்ல உள்ளது ஒண்ணும் போவாது. சி மட்டும்தான் போவும்."

சி-யில் விண்டோஸ், டி-யில் நம் சாமான்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அண்ணன்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தான். ஆனால் அவன் சாமான் முழுவதும் டெஸ்க்டாப்பில் கிடந்தது. டெஸ்க்டாப் இருப்பது சி-யில்.

"எந்த ஃபோல்டர் வேணும்னு சொல்லுங்க சார், எடுத்து வச்சிட்டு அடிக்கேன்."

அப்பா திரையைப் பார்த்தார். திரை நிறைய ஐகான்கள், அண்ணன் இழுத்துப் போட்டது போட்டபடி. பின்னால் அவனே எடுத்த சொத்தவிளைக் கடல் படம். அந்தக் குரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? குப்பைத் தொட்டியையாவது காலி செய்யலாமா என்று கடைக்காரர் கேட்டார். அப்பா அதற்கும் வேண்டாம் என்றார்.

"அது வேண்டாம்னு தூரப் போட்டதுதான சார்?"

"அவன் போட்டதுல்லா" என்றார் அப்பா.

கடைக்காரர் அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. ஃபோல்டர் ஃபோல்டராக எடுக்காமல் டிஸ்க்கையே இமேஜ் எடுக்கிற மென்பொருள்கள் உண்டு என்று சொன்னார். "போட்டோ புடிக்க மாதிரி சார். திருப்பிப் போட்டா, எடுத்த அன்னைக்கி எப்பிடி இருந்துதோ அப்பிடியே இருக்கும்." அப்பாவின் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்தது.

அதன் பிறகு தொடங்கியது தேடல். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது ஒன்று. இமேஜை இலவசமாக எடுத்துத் தரும், திருப்பிப் போடப் பணம் கேட்கும். "எடுத்துட்டுப் போனவன் திருப்பித் தர காசு கேக்கானா" என்று அப்பா அதைத் தள்ளினார். இன்னொன்று கறுப்புத் திரையில் எதிலிருந்து, எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டது. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க்கின் நகல் அண்ணனின் மேல் வந்து உட்கார்ந்துவிடும் என்று தெரிந்ததும் அப்பா எழுந்துவிட்டார். கடைசியில் கடைக்காரரே ஒன்று கொண்டுவந்தார். எடுத்த நகல் ஒழுங்காக இருக்கிறதா என்று அதுவே சரிபார்க்கும். அழித்தவை கிடக்கும் இடம் உட்பட டிஸ்க் முழுவதையும் எடுக்கும்.

அப்பாவுக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். அதனால் கடையில் ஒரு பழைய டிஸ்க்கில் போட்டுப் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். கடையில் பிரிண்டர் வாங்க வந்த கூட்டம். நடுவில் ஸ்பீக்கரிலிருந்து, "வந்தியா மக்கா? இரி." யாரோ தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கடைக்காரர் அந்தப் பழைய டிஸ்க்குக்குக் காசு வாங்கவில்லை. ஃபார்மட் பேச்சையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை; கம்ப்யூட்டர் மெதுவாகவே திறந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது. சொன்னால் என்ன? உயிரோடு ஒருத்தி அந்த வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அது யாருக்கும் கண்ணில் படவில்லை. ஆனாலும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் அண்ணன் பத்திரமாகிவிட்ட பிறகு அப்பா சரியாகச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த மென்பொருளுக்கு நான் அதற்காகக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கல்யாணமாகி பெங்களூர் போனேன். பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தேன். பையன் பிறந்தான். அண்ணன் போன பிறகு அப்பாவும் அம்மாவும் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். அம்மா காலில் போட்டுக் குளிப்பாட்டியது, அவன் கொட்டாவி விட்டது, அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்தது எல்லாவற்றையும் என் கணவர் வாங்கித் தந்த டிஜிட்டல் கேமராவில் எடுத்தேன். கார்டு சின்னது. நிறைந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கார்டை அழிப்பேன். ஊருக்குப் போகும்போது சிடியில் எழுதிக்கொள்ளலாம் என்றால் சிடி ரைட்டர் வேலை செய்யவில்லை. கவலைப்படவும் இல்லை. எங்கள் குடும்பத்திலேயே பத்திரமான இடம் அப்பாவின் கம்ப்யூட்டர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குத்தான் நகல் இருக்கிறதே.

நான் போய்ச் சில மாதத்தில் யாருடைய பென் டிரைவிலிருந்தோ வைரஸ் வந்தது. கடைக்காரர் அதற்குள் மஸ்கட் போயிருந்தார். அப்பா யாரையும் கேட்கவில்லை. கற்றுக்கொண்டபடி தனியாக உட்கார்ந்து இமேஜைத் திருப்பிப் போட்டார். முடிந்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"எல்லாம் பழையபடி வந்துட்டு மக்ளே. ஒண்ணும் போவல. அவன் வச்ச மாதிரியே இருக்கு."

எடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. அன்றைக்கு என் பிள்ளை பிறக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஏற்றியது எல்லாம் அழிந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மறுபடி கூப்பிட்டார். "மக்ளே, பிள்ளைக்க படத்த இதுல காணல்லியே?"

"எங்கிட்ட இருக்குப்பா" என்றேன். "அதெல்லாம் நான் அப்பவே எடுத்துக்கிட்டேன்."

வேறு என்ன சொல்வது? இமேஜைத் திருப்பிப் போட்ட உங்கள் கையால்தான் படமெல்லாம் போனது என்றா?

அடுத்த விடுமுறைக்குப் போனபோது அப்பா என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஒரு ஐகானைக்கூட யாரையும் நகர்த்த விடாதவர், அண்ணனின் ஐகான்களை ஓரமாக நெருக்கி வைத்து நடுவில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டிருந்தார். பேரன் என்று பெயர்.

"நீ வச்சிருக்கத இதுல கொண்டு போடு. மாமனும் மருமவனும் ஒரே இடத்துல கெடக்கட்டும். பொறவு புதுசா ஒரு இமேஜ் எடுப்போம்."

மறந்துவிட்டேன் என்றேன். அடுத்த முறையும் மறந்துவிட்டேன் என்றேன். பையன் நடக்கும் படங்கள், பள்ளிக்கூடம் போகும் படங்கள் எல்லாம் கொண்டுவந்து போட்டேன். அப்பா பொறுமையாகப் பார்ப்பார். பிறகு, "இந்த வீட்ல வச்சு எடுத்தது எங்க?" என்பார். அந்தப் படங்கள் இல்லாமல் புது இமேஜ் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். ஒரு தடவை, அம்மா பக்கத்தில் இல்லாதபோது, மெதுவாகக் கேட்டார்.

"அண்ணங்கூட ஒம்பிள்ளைய வைக்க உனக்கு இஷ்டமில்ல, அப்படித்தான? அவன் மேல உனக்கு என்ன கோவம் மக்ளே?"

கோபம் ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மகள் மனசு கல் என்று நினைத்துக்கொண்டேதான் அப்பா போய்ச்சேர்ந்தார். இன்னும் ஒரு தடவை அவர் கேட்டாலும் நான் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லுவேன்.