கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

சியோக்-தின்னுக்கு வாய் அதிகம். முள்ளங்கிக் கேக் பொரித்துக்கொண்டே மீன்காரனோடு சண்டை, பூக்காரியோடு சமாதானம், நடுவில் வாடிக்கையாளருக்கு இலவச வைத்தியம் என்று தைபேயின் அந்தச் சந்தையே அவள் குரலில்தான் விழிக்கும். அப்பேர்ப்பட்டவளை அவள் புருஷன் பெங்-ஹுய் ஊர்முழுக்க அசடாக்கிக்கொண்டிருந்தார்.

அரசாங்கத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் அச்சடித்ததற்காக ராணுவச் சிறையில் எட்டு வருஷம் கிடந்தவர் அவர். அந்தச் சிறைதான் இப்போது தேசிய மனித உரிமை அருங்காட்சியகம். கிழவர் அங்கே வழிகாட்டி. கைதிகளைப் பார்க்க வருகிறவர்களின் அறையில், கண்ணாடிக்கு இருபுறமும் இருக்கும் தொலைபேசியைக் காட்டித் தன் ஆஸ்தான நகைச்சுவையை எடுத்துவிடுவார்.

"இதுல அரசாங்க பாஷை மாண்டரின் மட்டும்தான் பேசணும். காவலன் ஒட்டுக்கேப்பான். எங்க வீட்டுக்காரிக்கோ நம்ம தைவான் பாஷையை விட்டா எதுவும் தெரியாது. 'எனக்காகக் காத்திருக்காதே, வேற கல்யாணம் பண்ணிக்கோ'ன்னேன். என்ன புரிஞ்சுதோ, 'சரி, சரி'ன்னு தலையாட்டினா. அடுத்த வாரம் தேயிலைத் தண்ணியில வேகவெச்ச முட்டையோட வந்து நிக்கிறா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

மீன்காரன் மூலமாகக் கதை சியோக்-தின்னின் காதுக்கு வந்தது. புருஷன் விடுதலையான நாளோடு அந்த வாசலை மிதிப்பதில்லை என்றிருந்தவள், அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறினாள். நாலு பேர் முன்னால் போன மானத்தை நாலு பேர் முன்னால்தானே மீட்க வேண்டும்?

அவள் நுழைந்தபோது கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. நேரே போய்ப் பழைய முக்காலியில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தாள்.

"அந்தப் பக்கம் போய் உக்காருய்யா."

கிழவர் போய் உட்கார்ந்தார். தொலைபேசி காட்சிக்கு வைத்ததுதான், இணைப்பு கிடையாது. ஆனால் அவள் குரலுக்குக் கம்பி எதற்கு?

"அன்னிக்கு நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுது."

"உனக்கா? மாண்டரினா?"

"வாசல்ல காத்துக்கிடந்த பொம்பளைங்க ஒவ்வொருத்திக்கும் அவ புருஷன் அதையேதான் சொல்லியிருந்தான். 'உன் ஆளும் சொல்லுவான், மனசைத் திடப்படுத்திக்கோ'ன்னு அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவங்கதான்."

கிழவரின் சிரிப்பு நின்றுபோனது.

"அப்புறம் ஏண்டி சரின்னே?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? அவங்க பாஷையில எனக்குத் திட்டத் தெரியாது. நம்ம பாஷையில திட்டினா வெளிய தள்ளிடுவான். அடுத்த வாரம் உன் மூஞ்சியை எப்படிப் பாக்கிறது? அடக்கிக்கிட்டேன்யா. இத்தனை வருஷமா அடக்கிவெச்சதை இப்பத் திட்டறேன், கேட்டுக்கோ."

திட்டினாள். சந்தை மீன்காரனே கேட்டிராத வசவெல்லாம் சொந்த பாஷையில் வந்து விழுந்தது. வேற கல்யாணம் பண்ணிக்கணுமாமே, உன்னை எவடா கேட்டா என்று முடித்தாள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கிழவர் கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுதா?" என்றாள்.

"சரி, சரி" என்று தலையாட்டினார் பெங்-ஹுய்.