கோட்டைக்காரர் கைகாட்டாத கடை

கோட்டைக்காரர் என்று ஊரில் அவருக்குப் பெயர். கோட்டையில் ஒரு செங்கல்கூட அவருடையதல்ல. கடலோரத்தில் பாதி இடிந்து நிற்கும் அதைச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டுவது அவர் தொழில். பீரங்கி மேடை, கலங்கரை விளக்கம், பழைய சுங்க அலுவலகம் என்று காலை முழுக்க நடக்க வைப்பார். யார் யாரைச் சுட்டார்கள் என்று விளக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவர் காதிலும் ஏறாது. கடைசியில் அத்தனை பேரும் கேட்பது ஒன்றுதான்: "சாப்பாடு எங்கங்க நல்லா இருக்கும்?"

அந்தப் பதிலில்தான் அவர் பேரெடுத்தார். அவர் கைகாட்டிய கடையில் சாப்பிட்டு யாரும் திட்டியதில்லை. இத்தனைக்கும் எந்தக் கடையிலும் அவர் கை நனைத்ததில்லை. சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் படகுத்துறைத் தெருவில் இருந்தன. மத்தியானம் எதிர்ச்சாரியில் நின்று, சாப்பிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். வாசலில் நின்று பல் குத்திக்கொண்டு சாவகாசமாகக் கடலைப் பார்த்தால் கடை தேறியது. நேரே என் பெட்டிக்கடைக்கு வந்து சோடா கேட்டால் தேறவில்லை. மோசமான சமையலால் இந்தத் தெருவில் பிழைப்பவன் நான் ஒருவன்தான். கடைக்காரர்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். குடிக்கவில்லை. பிழைக்கத் தெரியாத மனிதர் என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் அவருடைய ஒரே மகள், ஐஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அதே தெருவில் மீன் சாப்பாட்டுக் கடை போட்டாள். சுற்றுலாக் கூட்டம் ஓய்வதற்குள் கடை காலூன்றாவிட்டால் மறுபடி ஐஸ் கம்பெனிதான். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நம்பியிருந்தாள். அப்பா சொல்லவில்லை. குடையோடு எதிர்ச்சாரியில் வந்து நின்று, பெற்ற மகளின் கடையை நோட்டம் விட்டார். பிறகு, வந்த கூட்டத்தை வேறு கடைக்கு அனுப்பினார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

மகள் கரண்டியும் கையுமாகத் தெருவைக் கடந்து வந்தாள்.

"ஏம்பா, ஒரு வாய் சாப்பிட்டுப் பாக்காமயே என் கடை ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? கண்டவன் மூஞ்சிதான் உங்களுக்குப் பெருசா?"

"நான் சாப்பிட்டா பொய் சொல்லிடுவேம்மா. எப்படி இருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் வாயில வரும்."

அவள் ஓங்கிய கையைத் தாழ்த்தினாள். கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"சரி, மூஞ்சிங்க என்ன சொல்லுது?"

"சமையல்ல குத்தமில்ல. சாப்பிட்டு வெளிய வர்றவங்க எல்லாம் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே வர்றாங்க. நீ ஒருத்தியே அடுப்புலயும் நிக்குற, பரிமாறவும் ஓடுற. பசி செத்த பிறகுதான் தட்டு வருது."

"ஆள் வைக்க நான் எங்க போவேன்?"

அவர் குடையை மடக்கினார்.

மறுநாள் கோட்டை வாசலில் வழக்கமான கேள்வி வந்தபோது, "அதை இனிமே என்கிட்ட கேக்காதீங்க. நானே ஒரு கடையில பரிமாறுறேன். என் பேச்சுக்கு இனி மதிப்பில்ல" என்றாராம். எந்தக் கடை என்று கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை. ஊரே நம்பிய வாய் அது. எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பம் தெருவெல்லாம் சுற்றிவிட்டுத் தானாகவே அவள் கடைக்குள் நுழைந்தது. தட்டு கொண்டு வந்தவரைப் பார்த்து விழித்தார்கள்.

"இந்தக் கடைதானா? சொல்லியிருக்கலாமே சார்!"

"சொல்லக்கூடாதுங்க. இவ என் மக."

மீன் கொதிக்கக் கொதிக்க வந்தது. அன்று அங்கிருந்து யாரும் சோடாவுக்கு வரவில்லை.

கூட்டம் ஓய்ந்ததும் மகள் அப்பாவுக்குத் தட்டு வைத்தாள். அவர் முள்ளை ஒதுக்கி, நிதானமாகச் சாப்பிட்டார். அவள் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கும்மா."

"நெசமாவா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?" என்றார். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.