முதலை முதுகில் ஒரு நாவல் மரம்

குளக்கரை நடைபாதையில் அந்த வெண்கலச் சிலையைக் கொண்டுவந்து வைத்தபோது நடக்க வந்தவர்கள் எல்லோரும் நின்று முழித்தோம். தரையோடு ஒரு முதலை, வாயைப் பிளந்து அண்ணாந்து கிடக்கிறது. அதன் முதுகைக் கிழித்துக்கொண்டு ஒரு நாவல் மரம். இலையில்லாத தாழ்ந்த கிளையில் இதயம் ஒன்று தொங்குகிறது. குரங்கைக் காணோம்.

சின்ன வயதில் கேட்ட கதைதான். பழம் பறித்துப்போட்டுப் பழகிய குரங்கை முதலை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும், தன் பெண்டாட்டிக்கு அதன் இதயத்தைத் தின்னக் கொடுக்க. நடு ஆற்றில் குரங்கு, “அடடா, இதயத்தை மரத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேனே” என்று சொல்லும். முதலை நம்பித் திரும்பும். கரை வந்ததும் குரங்கு ஒரே தாவு. அதற்கப்புறம் முதலை என்ன செய்தது என்று நான் கேட்டதில்லை.

கணவர் போன பிறகு சிங்காநல்லூர் வீட்டில் நானும் டிவியும்தான். பேச்சுத் துணை என்றால் அடுத்த வீதி அக்கா ஒருவர். உடுமலைப்பேட்டைக்காரர். சிலையைப் பார்த்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

“ஏனம்மணி, மாங்கா ஒண்ண மாட்டியிருக்காங்க. உப்பு மொளகாப்பொடி வெக்க மறந்துபோட்டாங்களா?”

“மாங்கா இல்லீங்க்கா, இருதயமுங்க.”

“ஆருக்கு இருதயம் இப்பிடி இருக்குது? நல்லாப் பாரு, மாங்காதான்.”

தினமும் சாயங்காலம் முதலையின் வாலில் உட்கார்ந்து இதே வழக்குத்தான். நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வால் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

அப்புறம் அவருடைய மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டுக்கொண்டார். கிளம்புகிற அன்று அக்கா எட்டி அந்த இதயத்தைத் தொட்டார்.

“என்ற மனச இதுலயே மாட்டிப்போட்டுப் போறேன் அம்மணி. எடுக்க வரோணுமில்ல? பொங்கலுக்கு வாரேன்.”

பொங்கலுக்கு வரவில்லை. சித்திரைக்கும் வரவில்லை. போனில் மட்டும் “வாரேன் அம்மணி, வாரேன்” என்பார்.

போன வாரம் வீடியோவில் கூப்பிட்டார். “என்ற மாங்கா பத்தரமா இருக்குதா?” என்றார். போனைத் தூக்கிக் கிளையைக் காட்டினேன். காட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன், “எப்பத்தானுங்க்கா வாரீங்க?”

அங்கே குக்கர் விசில் அடித்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

“பையன் அங்கிருந்த ஊட்ட வித்துப்போட்டான் சாமி. நா வந்து எங்க தங்குறது?”

“எங்கூடு இருக்குதுங்க்கா. நா ஒருத்திதானுங்களே.”

“ஆகட்டும் அம்மணி. வாரேன்.”

எவ்வளவு பிரியமாகச் சொன்னார்! வைத்துவிட்டார். நான் வாலிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலை அண்ணாந்து கிடந்தது.

நடக்க வந்த அம்மா ஒருவர் கிளையைப் பார்த்து நின்றார். “ஏனுங்க, இதென்ன மாங்காயுங்களா?”

“ஆமாங்க,” என்றேன். “மாங்காதானுங்க.”

வாலில் நகர்ந்து இடம் விட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டு, கையை வீசிக்கொண்டு நடந்து போய்விட்டார்.